முப்பத்தெட்டு நிமிஷம்

எங்கள் ஆபீசில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி விமானி முதல் பெட்டி தூக்குகிறவர் வரை எல்லோருக்கும் அவர் முப்பத்தெட்டு சார்தான்.

காரணம் எளிது. எங்கள் ஊர் விமான நிலையத்துக்கும் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரின் விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். எங்கள் கம்பெனியின் சின்ன விமானம் அந்த தூரத்தைப் போக முப்பத்தேழு நிமிடத்திலும் வர முப்பத்தொன்பது நிமிடத்திலும் கடக்கும். சராசரி முப்பத்தெட்டு. இந்த எண்ணை அவர் இருபத்திரண்டு வருடம் கட்டிக் காத்தார். பரம்பரைச் சொத்தைக்கூட யாரும் அப்படிக் காத்து நான் பார்த்ததில்லை.

தரை வழியாகப் போனால் கதை வேறு. சாலை மலையைச் சுற்றிக்கொண்டு போகும். நானூற்றுப் பத்து கிலோமீட்டர், பஸ்ஸில் எட்டரை மணி நேரம், அதில் மூன்று மணி நேரம் வெறும் வளைவு. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதற்குத் தார் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் அவருக்குப் பக்கத்து மேஜை. எந்த நாள் எந்த விமானி, எந்தப் பணிப்பெண் என்று பட்டியல் போடுவது என் வேலை. நேரத்தைப் பற்றி எனக்குப் பெரிய கொள்கை எதுவும் கிடையாது. "இதோ வந்துட்டேன்" என்று நான் போனில் சொன்னால் இன்னும் குளிக்கவில்லை என்று அர்த்தம். என் வீட்டில் அது எல்லோருக்கும் தெரியும், யாரும் கோபித்துக்கொள்வதும் இல்லை. அவர் வேறு ரகம். எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எட்டு மணிக்கே வந்து நிற்பார். சாப்பிடக் கூப்பிட்டவர்கள் அப்போதுதான் வீட்டைப் பெருக்க ஆரம்பித்திருப்பார்கள்.

அவர் வேலை கால அட்டவணை போடுவது. ஒவ்வொரு நாளும் விமானி ஒரு தாள் கொண்டுவந்து கொடுப்பார். அதில் நாலு நேரம் இருக்கும். சக்கரத்துக்கு முன்னால் வைத்த கட்டையை எடுத்த நேரம், தரையை விட்ட நேரம், தரையைத் தொட்ட நேரம், மறுபடி கட்டை வைத்த நேரம். ஆகாயத்தில் முப்பத்தெட்டு. முன்னும் பின்னும் தரையில் உருண்டது ஒன்பது. ஆக, கட்டைக்குக் கட்டை நாற்பத்தேழு. இதை அவர் ஒரு நீளமான பேரேட்டில் எழுதி வைப்பார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அட்டவணை அச்சாகும்போது பயண நேரம் நாற்பத்தேழு நிமிடம் என்றே போடுவார்.

ஒரு நிமிடம் கூடினாலோ குறைந்தாலோ ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். ஓடுபாதை ஓரத்தில் ஒரு கம்பத்தில் காற்றுப்பை கட்டியிருக்கும், காற்று வீசுகிற பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும் துணிக்குழாய். அதைப் பார்த்து, "மேற்குக் காத்து, ஒண்ணரை நிமிஷம்" என்பார். விமானியின் தாள் வந்ததும் அது சரியாகவே இருக்கும். காற்று விஷயத்தில் அவர் வாயில் ஒரு நாளும் பொய் வந்ததில்லை.

எங்கள் பக்கத்து கவுன்டரில் இன்னொரு கம்பெனி இருக்கிறது. அவர்களும் கிட்டத்தட்ட அதே தூரம்தான் பறக்கிறார்கள், வேறு ஊருக்கு. ஆனால் அட்டவணையில் ஒரு மணி பத்து நிமிடம் என்று போடுவார்கள். அதனால் அவர்கள் விமானம் தினமும் இருபது நிமிடம் முன்னதாக வந்து இறங்கும். உடனே ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் பெருமையாக அறிவிக்கும். பயணிகள் கைதட்டுவார்கள். எங்கள் விமானம் நாற்பத்தேழு நிமிடத்தில் வந்து சேர வேண்டியது, ஓடுபாதையில் ஒரு நாய் படுத்திருந்தால் ஐம்பத்து மூன்றாகிவிடும். பயணிகள் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு இறங்குவார்கள். முப்பத்தெட்டு சார் அந்தக் கைதட்டல் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார்.

மேலாளர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் வந்ததும் முதல் வேலையாக அட்டவணையைக் கூட்டிப் போடச் சொன்னார்கள். அவர் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார். முயலுக்கு நாலு கால் என்பது மேலாளர்களுக்கும் தெரியும், ஆனால் பேரேடு அவர் கையில் இருந்தது.

இரண்டு வருடம் முன்பு அவர் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஒரே மகள். பையன் பள்ளி ஆசிரியர், தங்கமான குணம். குறை ஒன்றே ஒன்று, அவன் மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு மனம் ஒப்பவில்லை.

"பையனைப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்லைங்க. தூரம்தான் யோசனையா இருக்கு. ஒரு நல்லது கெட்டதுன்னா ஓடிப் போய் நிக்க முடியுமா?"

முப்பத்தெட்டு சார் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தைக் கழற்றினார். சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜக்கை நகர்த்திவிட்டு விரித்தார். மகளின் பழைய ஸ்கேலை வைத்து ஒரு கோடு போட்டார். அன்று நானும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன், ஆகையால் இது கேள்விப்பட்டதல்ல.

"நல்லா பாரு. நூத்தித் தொண்ணூத்தாறு கிலோமீட்டர். முப்பத்தெட்டு நிமிஷம். உன் தங்கச்சி வீட்டுக்கு நீ பஸ்ல ஐம்பது நிமிஷம் போற. அவளை விட இவ பக்கத்துல இருக்கப் போறா. கூப்பிடு தூரம்."

அக்கா கோட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவர் சொன்ன எந்த நேரமும் தவறியதில்லை. சரி என்று தலையை ஆட்டினார். உலகத்தில் எத்தனையோ பொருத்தம் பார்த்துக் கல்யாணம் முடிக்கிறார்கள். விமானம் பறக்கும் நேரத்தைப் பார்த்து முடிந்த கல்யாணம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கல்யாணம் ஆகி ஒரு மாதத்தில் அக்கா முதல் முறையாக மகள் வீட்டுக்குப் போய்வந்தார். கம்பெனி எங்களுக்கு வருடத்துக்குச் சில இலவச இருக்கைகள் தரும். அவர் கூடப் போகவில்லை. அத்தனை வருடத்தில் அவர் அந்த விமானத்தில் ஒரு தடவைகூட ஏறியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டேன்.

"எவ்வளவு நேரம் ஆகும்னு தெரிஞ்ச இடத்துக்கு எதுக்குத் தம்பி போகணும்?" என்றார்.

எனக்கு நாற்பத்து நாலு வயது. அவருக்கு நான் தம்பிதான்.

அக்கா திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. புருஷனுக்கு ஏற்ற மனைவி. செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசித்துக் காட்டினார்.

"வீட்டைப் பூட்டினதுலேருந்து ஏர்போர்ட் வரைக்கும் ஆட்டோல முக்கால் மணி. உள்ள உட்கார வெச்சது ஒண்ணரை மணி. வண்டி கிளம்பப் பத்து நிமிஷம் லேட்டு. அப்புறம் உங்க நாப்பத்தேழு. பொட்டி வர பதினெட்டு. அங்க ஏர்போர்ட் மலை உச்சியில இருக்கு, வீடு கீழ இருக்கு, டாக்சியில எண்பது நிமிஷம். மொத்தம் நாலு மணி ஐம்பது நிமிஷம்."

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். கூட்டல் சரியாக இருந்தது.

"அதுல எங்க கம்பெனி சம்பந்தப்பட்டது நாப்பத்தேழுதான்," என்றார்.

அக்கா நோட்டை மூடினார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை போகும்போதும் எழுதினார். ஆனால் வாசித்துக் காட்டவில்லை.

இந்த வருடம்தான் வினை வந்தது. உரிமம் தருகிற மேலிடம் ஒரு விதி கொண்டுவந்தது. அட்டவணையில் எழுதிய நேரத்தை ஐந்து நிமிடம் தாண்டினால் தாமதம். பத்துக்கு எட்டு தடவையாவது நேரத்துக்கு வராத சின்ன வழித்தடங்களுக்கு அடுத்த அட்டவணையிலிருந்து உரிமம் கிடையாது. பக்கத்து கவுன்டர் பத்துக்குப் பத்து. நாங்கள் பத்துக்கு ஆறு.

இப்போதைய மேலாளர் வயதில் சின்னவர், மரியாதை தெரிந்தவர். தானே அவர் மேஜைக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"சார், நம்ம விமானம் லேட்டா வரலை. உங்க அட்டவணைதான் சீக்கிரமா வருது. அறுபத்தஞ்சுன்னு போடுங்க, போதும்."

"நாப்பத்தேழு நிமிஷத்துல போறதை அறுபத்தஞ்சுன்னு போட்டா, மீதி பதினெட்டு நிமிஷம் விமானம் எங்க இருந்துச்சுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"யாரும் கேக்க மாட்டாங்க சார். பக்கத்து கவுன்டர்ல இத்தனை வருஷமா யாருமே கேக்கலை."

"அது அவங்க."

"திங்கட்கிழமை அட்டவணை மேலிடத்துக்குப் போகணும். நாப்பத்தேழுன்னு போனா வழித்தடம் போயிடும். யோசிங்க," என்று சொல்லிவிட்டு மேலாளர் நாற்காலியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனார்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவர் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். கொஞ்சம் சிக்கல், எங்கும் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தை பிறக்க இன்னும் பத்து வாரம். புது அட்டவணை ஆறு வாரத்தில். அக்காதான் அங்கே போக வேண்டும். அக்காவோ போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டவர். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். எட்டரை மணி நேர மலைப் பஸ்ஸில் அவரை ஏற்றினால், போய்ச் சேருவதற்குள் அவருக்கே ஒரு கட்டில் வேண்டியிருக்கும்.

அன்று சாயந்திரம் அவரை ஸ்கூட்டரில் வீட்டில் விட்டபோது நானும் உள்ளே போனேன். வேடிக்கை பார்க்கத்தான், ஒத்துக்கொள்கிறேன். அவர் விஷயத்தைச் சொன்னார். மறைக்கத் தெரியாத மனுஷன், எண்கள் உட்பட எல்லாவற்றையும் சொன்னார். அக்கா அழுது ஆர்ப்பாட்டம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீ டம்ளரை என் பக்கம் தள்ளினார்.

"நீங்க எழுத மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். எழுதுங்கன்னு நான் கேக்கவும் இல்லை. நான் பஸ்ல போயிக்கிறேன்."

"பஸ்ல உன்னால முடியாது."

"முடியாதுதான். ஆனா போவேன். பொண்ணு கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா? ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தச் சனிக்கிழமை நீங்களும் கூட வாங்க. ஒரே ஒரு தடவை வந்து பாருங்க. அப்புறம் என்ன வேணும்னாலும் எழுதுங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்னு தெரிஞ்ச இடத்துக்கு…"

அக்கா அவரைப் பார்த்தார். அவ்வளவுதான், மீதி வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

சனிக்கிழமை விமானத்தில் என் பட்டியலில் இருந்த பணிப்பெண் வாய் மூடாதவள். அன்று அவளைப் போட்டது தற்செயல் என்று சொல்லமாட்டேன். ஒன்று விடாமல் வந்து சொன்னாள். அவர் ஜன்னல் இருக்கையை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு நடைபாதை ஓரம் உட்கார்ந்தாராம். கழுத்தில் கம்பெனி ஸ்டாப்வாட்ச். சக்கரம் தரையை விட்டதும் பட்டனை அமுக்கினாராம். மலைக்கு மேலே போகும்போது எங்கள் விமானம் தினமும் ஒரு குதி குதிக்கும். அது எந்த அட்டவணையிலும் கிடையாது. குதித்ததும் அக்காவின் கையைப் பிடித்தவர் விடவே இல்லையாம். பன்னிரண்டாவது நிமிடம் பணிப்பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்.

"ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"சார், அதை நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும்," என்றிருக்கிறாள் அவள்.

அவர் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாராம். தரையைத் தொட்டபோது முப்பத்தேழு நிமிடம் இரண்டு நொடி. எல்லோரும் இறங்கிய பிறகுதான் எழுந்தாராம்.

மீதியை அக்கா சொல்லித் தெரியும். மகள் வீட்டு வாசலில் செருப்பை விட்டதும் வாட்ச்சைப் பார்த்தார். நாலு மணி ஐம்பத்திரண்டு நிமிடம். "உங்கம்மா எழுதினது சரிதான்," என்று மகளிடம் சொன்னார். அவள் ஓடி வர முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் மட்டும் பழைய முகம், மற்றதெல்லாம் வீங்கியிருந்தது. அப்பா தன் வீட்டுக்கு வந்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கல்யாணமாகி இரண்டு வருடம்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட் வரை நடந்து வந்தாள்.

"அப்பா, அம்மா அந்த நேரத்துக்கு வந்துருவாங்கல்ல? எனக்குப் பயமா இருக்குப்பா."

"வந்துருவாங்க," என்றார் அவர்.

எந்த நாள், எத்தனை மணிக்கு என்று சொல்லவில்லை. நேரம் போடாமல் அவர் கொடுத்த முதல் வாக்கு அது என்று அக்கா சொன்னார்.

திங்கட்கிழமை காலை நான் வந்தபோது அவர் மேஜையில் இருந்தார். அட்டவணைத் தாள் முன்னால் இருந்தது, பயண நேரத்துக்கான கட்டம் காலி. கிண்டலுக்குக் கேட்டேன்.

"போகும்போது முப்பத்தேழாம். வரும்போது எவ்வளவு சார்?"

"தெரியலை."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"தெரியலையா?"

"பட்டனை அமுக்க மறந்துட்டேன் தம்பி. கையிலதான் வெச்சிருந்தேன். ஜன்னல்கிட்ட உட்கார்ந்து அந்த ஊரையே பார்த்துட்டு வந்தேன். அப்புறம் மலை வந்து மறைச்சிருச்சு. அதுக்கப்புறமும் அங்கயேதான் பார்த்துட்டிருந்தேன்."

விமானியின் தாள் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. முப்பத்தொன்பது என்று எழுதியிருந்தது. அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதை எடுக்கவில்லை.

"ஆகாயத்துல முப்பத்தெட்டுதான், அதுல சந்தேகமே இல்லை. அதைச் சொல்லித்தான் அவளை அங்க அனுப்பி வெச்சேன்," என்றார். பேனாவைத் திறந்தார். கட்டத்தில் அறுபத்தைந்து என்று எழுதினார். எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். பிறகு தாளை எடுத்துக்கொண்டு தானே மேலாளர் அறைக்குப் போனார்.

எனக்கு வருத்தமாக இருந்தது. இருபத்திரண்டு வருடமாக அவரைக் கிண்டல் செய்தவன் நான், முந்தின வாரம்கூட 'எழுதித் தொலைத்தால் என்ன' என்று நினைத்தவன். ஆனாலும் இந்த ஊரில் நாற்பத்தேழை நாற்பத்தேழு என்று சொல்ல ஒரு ஆள் இருந்தார், இனி இல்லை. அன்று முழுக்க யாருக்கும் நான் 'இதோ வந்துட்டேன்' சொல்லவில்லை.

வழித்தடம் தப்பியது. புது அட்டவணை வந்ததும் எங்கள் கவுன்டர் ஒலிபெருக்கியிலும் ஒரு பெண் குரல் பெருமையாக அறிவிக்க ஆரம்பித்தது. எங்கள் பயணிகளும் கைதட்டினார்கள். அவர் வழக்கம்போல எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். பேரேட்டில் மட்டும் கட்டைக்குக் கட்டை நாற்பத்தேழு என்று எழுதிக்கொண்டிருந்தார். அதை யாரும் கேட்டு வாங்கிப் பார்ப்பதில்லை.

சொன்ன நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே மகளுக்கு வலி வந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மாப்பிள்ளை போன் செய்தார். அன்றைய விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் அக்காவைக் கூட்டிவந்து ஏற்றிவிட்டார். அட்டவணைப்படி விமானம் இத்தனை மணிக்கு இறங்கும், ஆஸ்பத்திரிக்கு அம்மா இத்தனை மணிக்கு வந்துவிடுவாள் என்று மகளுக்குப் போனில் சொன்னார். அச்சில் இருந்த நேரத்தைத்தான் சொன்னார். பிறகு வந்து மேஜையில் உட்கார்ந்தார். அந்தக் காலை முழுக்கப் பேரேட்டில் ஒரு வரிகூட எழுதவில்லை.

அவர் போனில் எதிராளி பேசினால் நாலு மேஜைக்குக் கேட்கும். மத்தியானம் அது அடித்தது, மகளே பேசினாள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

"அப்பா! அம்மா வந்துட்டாங்கப்பா! நீங்க சொன்னதுக்குப் பதினெட்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டாங்க. கடிகாரத்தையே பார்த்துட்டுப் படுத்திருந்தேன். உள்ள கூட்டிட்டுப் போறதுக்குள்ள அம்மா வர மாட்டாங்கன்னு நெனச்சேன். இதோ என் கையைப் பிடிச்சிட்டு நிக்கறாங்க. எப்படிப்பா இவ்வளவு சீக்கிரம் வந்துச்சு?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நானும் பார்த்தேன். காலையிலிருந்து ஒரு இலை அசையவில்லை. கம்பத்தில் காற்றுப்பை, கொடியில் போட்ட துண்டு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குக் காத்து நல்லா இருந்துச்சும்மா," என்றார்.

நான் பட்டியலில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன்.